அடுத்த மூடல் உத்தரவில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்

பள்ளிகளை மூடவும் திறக்கவும் உத்தரவு போடும் கல்வி அதிகாரிகளுக்கு, வணக்கம்.

‘மறு உத்தரவு வரும் வரை பள்ளிகள் இயங்காது’ என்ற வரியை என் பணிக்காலத்தில் பல முறை வாசித்துவிட்டேன். வெள்ளத்துக்காக, புயலுக்காக, வெயிலுக்காக, 2020-ல் கொரோனாவுக்காக. மூடியதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. தண்ணீர் புகுந்த வகுப்பறையில் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது. என் குறை வேறு. அந்த உத்தரவுகள் எல்லாம் கட்டடத்தைப் பற்றியே பேசின. கதவு எப்போது பூட்டப்படும், அலுவலகப் பணியாளர்கள் வர வேண்டுமா, தேர்வு எந்தத் தேதிக்குத் தள்ளிப் போகிறது என்றெல்லாம் தெளிவாக இருக்கும். பிள்ளைகளுக்கு மட்டும் கடைசியில் ஒரு வாக்கியம்: ‘மாணவர்கள் வீட்டிலிருந்தே கற்றலைத் தொடர வேண்டும்.’ எப்படி, யாரிடம் என்று கேட்டால் பதில் கிடையாது.

எப்போதோ ஒரு முறை நடக்கிற விஷயம் என்றால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். 2020 ஏப்ரலில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அதை அபூர்வம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கொரோனா ஓய்ந்த பிறகு, 2024-ல் மட்டும் வெப்ப அலை, வெள்ளம், புயல், வறட்சி என்று வானிலைக் காரணங்களால் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடியே 20 லட்சம் பிள்ளைகளின் படிப்பு தடைபட்டது என்கிறது யுனிசெஃப். இனி இது வந்து வந்து போகும். வரும் என்று தெரிந்த விருந்தாளிக்குப் பாயாவது எடுத்து வைக்க வேண்டாமா?

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2020-ல் என் வகுப்பில் 41 பிள்ளைகள், ஆறாம் வகுப்பு, கணக்குப் பாடம். மூடிய மறுநாளே வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். தினமும் ஒரு வீடியோ, ஒரு பிடிஎஃப், பத்துக் கணக்கு. பெற்றோர் கட்டைவிரல் படம் போடுவார்கள். பத்துக் கணக்குக்கும் விடை எழுதிய பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவார்கள். எல்லாம் சரியாக இருக்கும். பள்ளி நடந்தபோதுகூட இவ்வளவு சரியாகச் செய்ததில்லையே என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அதுதான் வெட்கம்.

மூன்றாவது வாரம், ஒரு பையனின் கையெழுத்து திடீரென்று அழகாகிவிட்டதைப் பார்த்து அவன் வீட்டுக்கு போன் செய்தேன். காலை பதினொரு மணி. அம்மா எடுத்தார்கள். “அவன் இன்னும் எந்திரிக்கலை டீச்சர்” என்றார்கள். குரலில் கூச்சம் இருந்தது. போன் அப்பாவுடையதுதானாம், இரவு எட்டரைக்குத்தான் வீட்டுக்கு வருமாம். அன்று அவருக்கு விடுமுறை என்பதால் எனக்குக் கிடைத்தது. சரி என்று மறுநாள் இரவு எட்டே முக்காலுக்குக் கூப்பிட்டேன். அவனே எடுத்தான். “இருபதில் முக்கால் பங்கு எவ்வளவுப்பா?” என்றேன். நெடுநேரம் சத்தமே இல்லை. பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மெதுவாக, “முக்கால்னா மூணுதானே டீச்சர்?” என்றான்.

குழுவில் அவன் பின்னக் கணக்கு அத்தனையும் சரி. மூன்று வாரத்தில் நான் அனுப்பிய பதினைந்து வீடியோ சொல்லாத ஒன்றை நாலு நிமிடத்து போன் சொல்லிவிட்டது. இருபதை நாலு சம பங்காக்கச் சொன்னேன். ஐந்து என்றான். அதில் மூன்று பங்கை எடு என்றேன். “ஓ” என்றான். அந்த ‘ஓ’வைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. அதிலிருந்து வாரம் ஒரு முறை 41 பேரையும் கூப்பிட ஆரம்பித்தேன். இரண்டாவது வாரம் ஒரு பெண் கேட்டாள், “நீங்க எல்லார்கூடவும் பேசுறீங்களா டீச்சர், இல்ல என்கூட மட்டுமா?” எல்லாரோடும்தான் என்றேன். கொஞ்சம் ஏமாந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

இது ஒரு டீச்சரின் உருக்கமான கதை என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அதே 2020-ல் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு எஸ்எம்எஸ்ஸில் எளிய கணக்குகள் போயின. இன்னொரு பிரிவுக்கு அதே எஸ்எம்எஸ்ஸோடு ஆசிரியரிடமிருந்து 15, 20 நிமிட போன். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. போனும் சேர்ந்து போன பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். எஸ்எம்எஸ் மட்டும் போன இடத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இதையே இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா என்று ஐந்து நாடுகளில் செய்து பார்த்தார்கள், பலன் நின்றது. ஸ்மார்ட்போன் வேண்டாம், டேட்டா வேண்டாம். பட்டன் போன் போதும். மறுமுனையில் இருப்பவர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அதற்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். கணக்கு டீச்சர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 40 பிள்ளைகள், ஆளுக்கு 20 நிமிடம், மொத்தம் 800 நிமிடம். வாரத்துக்கு 13 மணி 20 நிமிடம். பள்ளி நடக்கும் வாரத்தில் நாங்கள் வகுப்பறையில் நிற்கும் நேரத்தைவிட இது குறைவு. பாடவாரியாகப் பல வகுப்பு எடுப்பவர்கள் பிள்ளைகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம். அந்த நேரத்தை எங்களிடமிருந்து பறித்தது எது தெரியுமா? அறிக்கை. எத்தனை இணைப்பு அனுப்பினீர்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தினமும் மாலை ஐந்து மணிக்குள் ஒரு கூகுள் ஃபார்ம் நிரப்ப வேண்டும். நிரப்பாதவர்களின் பெயர் ஆறு மணிக்குக் குழுவில் வந்துவிடும். ஆகவே இணைப்பு அனுப்பினோம். ‘எத்தனை பிள்ளைகளோடு பேசினீர்கள்’ என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்திருந்தால் பேசியிருப்போம். நீங்கள் எதை எண்ணுகிறீர்களோ அதைத்தான் நாங்கள் செய்கிறோம். எங்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒளிபரப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1937 செப்டம்பரில் போலியோ பரவியதால் சிகாகோ நகரில் பள்ளி திறப்பதைத் தள்ளிப் போட்டபோது, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வானொலியில் பாடம் நடத்தினார்கள். ஒவ்வொரு பாடமும் கால் மணி நேரம்தான். எந்த வகுப்புக்கு எப்போது, எந்த நிலையத்தில் என்ற அட்டவணையும் பயிற்சிக் கேள்விகளும் அன்றைய நாளிதழிலேயே அச்சாகி வந்தன. அதோடு, சந்தேகம் கேட்பவர்களுக்கு பதில் சொல்ல ஆசிரியர்களைத் தொலைபேசி அருகில் உட்கார வைத்தார்கள். 83 ஆண்டுகள் கழித்து நாம் வானொலியை வீடியோவாக மாற்றினோம், தொலைபேசியைத்தான் மறந்துவிட்டோம்.

அடுத்து, உடம்பு. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி நடக்கும்போது இதை யாரும் திட்டமிடுவதில்லை. பள்ளிக்கு நடப்பது, மாடிப்படி, இடைவேளைத் துரத்தல் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் தானாக நடந்துவிடும். கதவைப் பூட்டினால் பாடத்தோடு இதுவும் சேர்ந்து போகிறது. அது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. கண் என்றதும் இன்னொன்று: சீனாவின் குவாங்சோவில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, வெளியே போன பள்ளிகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம், மற்றப் பள்ளிகளில் கிட்டத்தட்ட 40. வீட்டுக்குள் திரையை மட்டும் கொடுத்துவிட்டுக் கற்றல் தொடர்கிறது என்று நாம் அறிவித்த மாதங்களை நினைத்துப் பாருங்கள்.

உடற்பயிற்சி வீடியோவும் அனுப்பினேன். யாரும் செய்யவில்லை, நான் உட்பட. கணக்கோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான் செய்தார்கள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்து 15 நொடி எண்ணு, நாலால் பெருக்கு, எழுதி வை. இரண்டு நிமிடம் கயிறு தாண்டு. கயிறு இல்லையா, இருக்கிற மாதிரி தாண்டு. மறுபடி எண்ணு. ஏழு நாள் செய்து வரைபடம் போடு. ஒரு பையன் தன் நாடி நிமிடத்துக்கு 400 என்று அனுப்பினான். பதறிப் போய் போன் செய்தால், ஒரு நிமிடம் முழுக்க எண்ணிவிட்டு அதையும் நாலால் பெருக்கியிருந்தான். ஏன் தப்பு என்று அவனே கண்டுபிடிக்க ஆறு நிமிடம் ஆனது. என் இருபத்திரண்டு வருட வேலையில் நான் நடத்திய நல்ல வகுப்புகளில் அதுவும் ஒன்று. வெளியே புகையோ வெயிலோ என்றால் அறைக்குள்ளேயே தாண்டலாம். கீழ்வீட்டுக்காரர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை.

தூக்கமும் அப்படித்தான். பதினொரு மணிக்கு எழுந்த அந்தப் பையனுக்கு உபதேசம் பலிக்கவில்லை. “உன் போன் நேரம் இனி காலை ஒன்பது, அப்பா போனோடு கிளம்பும் முன் கூப்பிடுவேன்” என்றதும் இரண்டே வாரத்தில் எட்டரைக்கு எழுந்தான். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020-ல் சுமார் 37 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி உணவு நின்றது என்று உலக உணவுத் திட்டம் சொன்னது. வகுப்பறையை மூடும் அதே தாளில், உணவு எந்த வழியில் வீடு போய்ச் சேரும் என்றும் எழுதுங்கள். இன்னொன்று: போனில் சில வீடுகளின் சத்தம் நமக்குக் கேட்டுவிடும். பிள்ளை பேச்சைப் பாதியில் நிறுத்தும், குரலைத் தாழ்த்தும். அதைக் கேட்டுவிட்டு நான் யாரிடம் சொல்வது? எனக்கு ஒரே ஓர் எண் கொடுங்கள், எடுத்துப் பேசுகிற ஆளோடு.

திறந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய பயம். 2005-ல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் பள்ளிகள் சராசரியாக 14 வாரம் மூடிக் கிடந்தன. நாலு ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் சோதித்தபோது, நிலப்பிளவுக்கு அருகே இருந்த பிள்ளைகள் ஒன்றரைப் பள்ளி ஆண்டு பின்தங்கியிருந்தார்கள். மூடியதோ மூன்று மாதம் சொச்சம். மீதி இழப்பு பள்ளிக்குத் திரும்பிய பிறகு சேர்ந்தது என்றுதானே அர்த்தம்? பாடம் தன் போக்கில் போனது, பிள்ளைகள் பின்னாலேயே நின்றுவிட்டார்கள். ஆரம்பக் கல்வியாவது முடித்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் இந்தப் பின்னடைவு இல்லை. வீட்டில் கேட்க ஆள் இருந்தது, அதுதான் வித்தியாசம். அந்த ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் என் போன்.

அதனால் திறந்த முதல் நாளே விட்ட பாடத்தை விரட்டிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். முதல் சில வாரம் தினமும் ஒரு மணி நேரமாவது, வகுப்பை மறந்து, எதுவரை தெரியும் என்பதை வைத்துப் பிள்ளைகளைக் குழுவாக்கி உட்கார வைக்க அனுமதியுங்கள். பிரதம் என்ற இந்தியக் கல்வித் தொண்டு அமைப்பு பல ஆண்டுகளாகச் செய்து காட்டியிருக்கும் முறைதான் இது. ஆறாம் வகுப்பில் இருந்துகொண்டு கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளைக்கு நான் விகிதம் நடத்தி என்ன ஆகப் போகிறது?

நான் கேட்கும் கூடுதல் வரி இதுதான்: ‘ஒவ்வொரு மாணவருடனும் அவரது ஆசிரியர் ஒருவர் வாரம் ஒரு முறையாவது பேச வேண்டும், அந்தக் காலத்தில் ஆசிரியரிடம் வேறு அறிக்கை கேட்கப்படாது.’ போன் செலவை எங்கள் தலையில் கட்டாமல் நீங்களே ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்த ஆண்டு என் வகுப்பில் 38 பேர். பள்ளி நடக்கும்போதே எண்களைச் சரிபார்த்து, எந்த நேரத்தில் போன் வீட்டில் இருக்கும் என்றும் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். 36 பேருக்கு ஆகிவிட்டது. ஒரு வீட்டில் போனே இல்லை. பக்கத்து வீட்டு எண் கேட்டிருக்கிறேன். இன்னொரு பிள்ளையின் எண் மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது. நாளை அவளிடம் மறுபடியும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்