சிங்கப்பூருக்குத் தனியே வரும் நண்பனுக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு முதல் பயணமே இங்குதான் என்பதில் கதிருக்கும் முருகேசனுக்கும் தலைகால் புரியவில்லை. எங்கள் மூவரையும் பார்ப்பது, நாலு நல்ல இடத்தில் சாப்பிடுவது, ஒரு மாலை கேசினோ மேசையில் உட்காருவது என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் சரி. “நால்வரும் சேர்ந்து கேசினோ போவோம்” என்ற வரியை மட்டும் அடித்துவிடு. காரணம் மனசு அல்ல, சட்டம்.

இங்கே குடியுரிமை உள்ளவரும் நிரந்தரவாசியும் கேசினோ வாசலைத் தாண்ட 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவு வரி கட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குத்தான் அது செல்லும். வருட அனுமதி 3,000 வெள்ளி. 2010இல் இரண்டு கேசினோக்களும் திறந்தபோது 100, 2,000 என்று இருந்ததை 2019 ஏப்ரலில் ஏற்றினார்கள். அந்த வரியைக் கேசினோ திருப்பித் தரவும் கூடாது, தள்ளுபடி செய்யவும் கூடாது. நானும் கதிரும் பிங்க் ஐசி (குடிமக்களின் அடையாள அட்டை), முருகேசன் நீல ஐசி (நிரந்தரவாசி). மூவருக்கும் 450 வெள்ளி, ஒரு சிப்கூடக் கையில் வாங்காமல். பாஸ்போர்ட்டுடன் வரும் உனக்கு ஒரு காசு கிடையாது. கதிரின் மருமகன் வேலை அனுமதியில்தான் இருக்கிறான், அவனுக்கும் இலவசம், 21 வயது நிரம்பியிருந்தால் போதும். ஆகவே சாப்பாடு எங்களோடு, கேசினோ நீ தனியாக. இப்படிப் பிரித்துக்கொண்டால் உன் நாட்களும் தானாகவே ஒழுங்காகிவிடும்.

முதலில் வந்து சேரும் வழி. விசாவை அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக வாங்கலாம். அது கையில் வந்த பிறகு, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசின் குடிநுழைவுத் துறைத் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் இடைத்தரகன்தான், மூடிவிடு. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள், தங்கும் அனுமதி மின்னஞ்சலில் வரும். கேசினோ வாசலில் அசல் பாஸ்போர்ட் வேண்டும், நகலோ கைப்பேசிப் படமோ செல்லாது. பலர் அதை நண்பர் வீட்டு அலமாரியில் பத்திரமாகப் பூட்டிவிட்டு வந்து வாசலிலிருந்தே திரும்புகிறார்கள்.

பையில் என்ன இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். சிகரெட்டுக்கு வரியில்லாச் சலுகை அறவே இல்லை, ஒரு பெட்டியானாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மெல்லும் புகையிலை, மின்சிகரெட் இரண்டும் தடை. ஹான்ஸ் பழக்கம் இன்னும் இருந்தால் சென்னையிலேயே விட்டுவிடு. ஊரிலிருந்து கருவாடு, கறி வகையறா வேண்டாம். பரிசு என்று அரிசி மாவும் வத்தலும் சுமக்காதே, லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் எல்லாம் கிடைக்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொண்டுவா, போதும்.

தங்குவதற்கு முருகேசனின் தெம்பனிஸ் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு வசதி. டவுன்டவுன் ரயில் பாதை அங்கிருந்து நேராகக் கேசினோ இருக்கும் பேஃபிரண்ட் போகிறது, அதே பாதையில் இன்னும் நான்கு நிறுத்தம் தாண்டினால் லிட்டில் இந்தியா. கேசினோ, தேக்கா, படுக்கை மூன்றும் ஒரே கோட்டில். கதிர் வீடு உட்லண்ட்ஸ். அங்கு போக ஸ்டீவன்ஸில் தாம்சன் பாதைக்கு மாற வேண்டும். இணையத்தில் மலிவாகச் சில நாளைக்கு வாடகை அறை என்று காட்டினால் ஆசைப்படாதே. தனியார் வீட்டைக்கூட மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது, வீவக வீட்டுக்கு ஆறு மாதம். நடுவில் தனியாக ஒருநாள் இருக்கத் தோன்றினால் சிராங்கூன் சாலையை ஒட்டி ஹோட்டல் பார்.

ரயிலில் உன் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டியே போகலாம். வெளிநாட்டு அட்டையாக இருந்தால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதல். ஏறும்போது தட்டிய அட்டையால்தான் இறங்கும்போதும் தட்ட வேண்டும். ஏறுகையில் அட்டை, இறங்குகையில் கைப்பேசி என்று மாற்றினால் இரண்டையும் தனித்தனிப் பயணமாகக் கணக்கிட்டுக் காசைப் பிடுங்கிவிடும்.

இனி சாப்பாடு. எங்களோடு இரண்டு வகை இடங்களுக்குப் போவாய், இரண்டுக்கும் கணக்கு வேறு. உணவகத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், முதலில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், பிறகு அந்த மொத்தத்தின் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளி சாப்பாடு 119 வெள்ளி 90 காசாகிவிடும். அதனால் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. சீன உணவகத்தில் உட்கார்ந்ததும் வரும் ஈரத்துண்டும் வேர்க்கடலையும் உபசாரம் அல்ல, பில்லில் ஏறும். வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடு.

ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாடும் மீன்தலைக் கறியும் ஒருநாள் கட்டாயம். மீன்தலை நால்வருக்குத் தாராளம். தனியாக இருக்கும் மதியத்தில் அதைச் சொல்லிவிட்டு மலைக்காதே, அப்போதைக்குக் கோமள விலாஸ் தோசை போதும். ஞாயிறு தேக்கா பக்கம் தொழிலாளத் தம்பிகள் ஊர்ச்செய்தி பேசக் கூடும் நாள், கூட்டம் தோளை இடிக்கும். பார்க்கவேண்டிய காட்சிதான், ஆனால் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வார நாளே நல்லது. இரவு 10.30க்குமேல் கடையில் பீர் வாங்க முடியாது. லிட்டில் இந்தியாவில் வாரக்கடைசியில் தெருவில் நின்று குடிப்பதே குற்றம்.

இன்னொரு வகை உணவங்காடி நிலையங்கள், சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒன்றாகக் கூடிய இடம். அங்கே ஜிஎஸ்டியும் சேவைக் கட்டணமும் தனியாகப் போட மாட்டார்கள், இரண்டு பேர் நிறைவாகச் சாப்பிட்டாலும் உணவகத்தில் ஒரு தட்டுக்குப் போகும் பணம் ஆகாது. மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டது என்று பொருள். “யாரோ மறந்துவிட்டார்கள்” என்று எடுத்துத் துடைத்துக்கொள்ளாதே. சாப்பிட்ட தட்டை நீயே எடுத்து அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம். கோழிச் சோறு தின்ன மேக்ஸ்வெல், மாலையில் சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) கருகும் வாசனைக்கு லாவ் பா சாட். செவ்வாய், வெள்ளி சைவம் இன்னும் தொடர்கிறாய் என்றால் ஒன்று கவனி. கோழிச் சோற்றின் சோறே கோழிக் கொழுப்பில் வெந்தது, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சம்பலில் நெத்திலி, கீரை வதக்கலில்கூட உலர் இறால் கிடக்கும். “கோழி வேண்டாம்” என்று சொன்னால் போதாது. சைவக் கடையென்றே எழுதியிருக்கும் இடத்துக்குப் போ.

காப்பிக் கடையில் வெறுமனே “கோப்பி” என்றால் இனிப்பான கெட்டிப்பால் விட்டு வரும். பால் வேண்டாம், சர்க்கரை மட்டும் என்றால் “கோப்பி ஓ”. இனிப்பில்லாத ஆவிப்பாலும் சர்க்கரையும் என்றால் “கோப்பி சி”. உனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் கடைசியில் “கொசோங்” சேர்க்க வேண்டும், “கோப்பி சி கொசோங்”. குறைந்த இனிப்புக்கு “சியூ டாய்”, ஐஸ் போட “பெங்”. நம் கும்பகோணம் டிகிரியை எதிர்பார்க்காதே, அது வேறு சாதி.

சரி, கேசினோ. பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கினால் மரினா பே சாண்ட்ஸ் கடைத்தொகுதி வழியே உள்ளுக்குள்ளேயே போய்விடலாம். செந்தோசாவில் இருப்பது ரிசார்ட்ஸ் வேர்ல்டு. அதற்கு ஹார்பர்ஃபிரண்ட் வரை ரயில், பிறகு பாலத்தில் காலாற நடக்கலாம். ஒரே மாலை என்றால் சாண்ட்ஸ் போதும், வெளியே வந்ததும் பார்க்க ஏதாவது இருக்கும். 7.45க்கும் 8.45க்கும் கார்டன்ஸ் பை த பேயின் ஒளி மரங்கள், 8க்கும் 9க்கும் சாண்ட்ஸ் முன்னால் கரையோர நீர்க்காட்சி, இரண்டும் இலவசம். வெள்ளி, சனி இரவும் சீனப் புத்தாண்டு வாரமும் தவிர்த்துவிடு. கூட்டம் ஏறினால் மேசையின் குறைந்தபட்சப் பந்தயமும் ஏறும். வார நாள் மாலை நல்லது. முழுக்கால் சட்டை, மூடிய காலணி. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வாசலில் வீண் பேச்சுக்கு இடம் கொடுக்கும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. டீ, காப்பி, குளிர்பானம் சும்மா கிடைக்கும். ஏடிஎம் இருக்காது, சட்டமே அனுமதிப்பதில்லை. அது உனக்கு நல்லதுதான். ஒதுக்கிய தொகையை நோட்டாக எடுத்துப் போ, அட்டைகளை முருகேசன் வீட்டிலேயே வை.

எவ்வளவு ஒதுக்குவது? இங்கேதான் நீ கணக்கு வாத்தியாராக யோசிக்க வேண்டும். செலவைத் தீர்மானிப்பவை மூன்று: பந்தயத் தொகை, மணிக்கு எத்தனை ஆட்டம், கேசினோவின் பங்கு (கட்டும் பணத்தில் சராசரியாக அதற்குப் போகும் சதவீதம்). 25 வெள்ளி மேசையில் பாக்கரா என்ற சீட்டாட்டம் மணிக்கு 70 கை ஓடுகிறது என்று வைத்துக்கொள். 1,750 வெள்ளி புரள்கிறது. கேசினோவின் பங்கு 1.2 சதவீதம், சராசரி நட்டம் மணிக்கு 21 வெள்ளி. கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் அதே மணி நேரத்தில் ஏற்ற இறக்கம் 200 வெள்ளி வரை போவது சகஜம், அதைத் தாண்டுவதும் அபூர்வமல்ல. 200ஐ எடுத்துக்கொண்டு 25 வெள்ளி மேசையில் உட்காருபவன் எட்டுப் பந்தயத்தோடு உட்காருகிறான். அவனை வெளியேற்றுவது கேசினோவின் 1.2 சதவீதம் அல்ல, இந்த ஏற்ற இறக்கம்தான். குறைந்தது இருபது பந்தயமாவது கையில் வேண்டும், அந்த மேசைக்கு 500 வெள்ளி. அது கனமாகத் தோன்றினால் மேசையை விட்டு, சிறு பந்தயம் ஏற்கும் மின்னணு இருக்கைகளுக்குப் போ. அங்கேயும் நிஜ டீலர் போடும் சீட்டையே திரையில் காட்டும் இருக்கைகள் உண்டு, வேகமும் உன் கையில்.

பாக்கராவில் திறமை எதுவும் வேண்டாம். மங்காத்தாவில் உள்ளே, வெளியே என்று கட்டுவது போலத்தான், பிளேயர் அல்லது பேங்கர். இரண்டு பக்கமும் இரண்டு சீட்டு. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் பெரிதாக உள்ள பக்கம் வெற்றி. பத்தும் படச்சீட்டும் பூஜ்யம், ஏஸ் ஒன்று. மூன்றாம் சீட்டு எப்போது என்பதை விதியே தீர்மானிக்கும், டீலர் பார்த்துக்கொள்வார். பேங்கர் கொஞ்சம் அதிகமாக ஜெயிப்பதால் அதில் 5 சதவீதம் கமிஷன் பிடிப்பார்கள். பிடித்த பிறகும் பேங்கரே நல்லது: கேசினோ பங்கு 1.06, பிளேயரில் 1.24. கமிஷன் இல்லாத மேசை என்று ஒன்று இருக்கும். பேங்கர் ஆறில் ஜெயித்தால் பாதிதான் தருவார்கள். அந்த ஒரு விதியால் பங்கு 1.46 ஆகிவிடும். எட்டு மடங்கு தரும் “டை” (இரு பக்கமும் சமம்) கட்டத்தைத் தொடாதே, அதில் பங்கு 14 சதவீதத்துக்கு மேல். மேசைமேல் முந்தைய முடிவுகளைச் சிவப்பும் நீலமுமாகத் திரையில் காட்டுவார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் தாளில் குறித்துக்கொண்டு தத்துவம் சொல்வார். மரியாதைக்குத் தலையாட்டு, பணத்தை அதன்படி வைக்காதே. விழுந்து முடிந்த சீட்டு இனி விழப்போகும் சீட்டைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

ரூலட்டில் சக்கரத்தைப் பார். ஒரு பூஜ்யம் என்றால் 37 எண், பங்கு 2.7. இரட்டைப் பூஜ்யமும் சேர்ந்தால் 38, பங்கு 5.26. கொடுக்கும் மடங்கு இரண்டிலும் ஒன்றே என்பதால் ஒரு கட்டம் கூடியதுமே பங்கு ஏறக்குறைய இரட்டிக்கிறது. பிளாக்ஜாக் ஆடுவதானால் துணியில் எழுதியிருப்பதைப் படி. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 3க்கு 2 என்றால் 25க்கு 37.50, 6க்கு 5 என்றால் 30. பின்னதில் உட்காராதே. சிக் போ என்ற பகடை ஆட்டத்தில் பெரிது, சிறிது (கூட்டுத்தொகை பெரிதா சிறிதா) மட்டும் ஆடு, பங்கு 2.78. மூன்று பகடையும் ஒரே எண்ணாக விழுவதற்கு வைக்கும் கட்டங்கள் பார்க்க ஆசை காட்டும், அவ்வளவுதான். பொத்தான் இயந்திரம் தன் பங்கை வெளியே எழுதி ஒட்டுவதில்லை. மணிக்கு 600 தடவை அழுத்தினால் ஒரு வெள்ளிப் பந்தயத்திலும் 600 வெள்ளி புரளும். நிதானமாக அழுத்துபவனுக்குத்தான் அது மலிவு.

மேசை நடைமுறை சுருக்கமாக: பணத்தை டீலர் கையில் நீட்டாதே, மேசைமேல் வை. அவர் கேமராவுக்கு விரித்துக் காட்டி எண்ணிச் சிப் தருவார். பந்தயம் முடிந்துவிட்டதென்று கை வீசியபின் சிப்பைத் தொடக் கூடாது. எழுந்ததும் மிச்சச் சிப்பைக் காசாளரிடம் மாற்று, ஊருக்கு எடுத்துப் போனால் அது பிளாஸ்டிக்.

எழும் நேரத்தை ரயிலிடம் ஒப்படைத்துவிடு. கேசினோ 24 மணி நேரமும் திறந்திருக்கும், ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். 12 மணிக்குப் பிறகு டாக்ஸியில் மீட்டர் தொகைக்கு மேல் 50 சதவீதம். தோற்றதை மீட்கலாம் என்ற நினைப்பு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும், பேஃபிரண்டில் கடைசி ரயிலுக்கு முன்பே பிளாட்பாரத்தில் நின்றுகொள். மறுநாளும் போகத் தோன்றினால் ஒதுக்கிய தொகையில் மிச்சம் இருந்தால் மட்டும். ஜெயித்தால் இங்கே வரி இல்லை. ஆனால் இந்தியாவில் வசிப்பவன் நீ, அங்கே சூதாட்ட வெற்றிக்கு 30 சதவீதம், தோற்றதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆடிட்டரிடம் சொல்லிவை.

கதிருக்கு முழங்கால் வலி, உணவங்காடி நிலையத்தில் மாடியேற மாட்டான். ஆகவே முதல் இரவுச் சாப்பாட்டை அவன் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்ப 7.30 ஆகிவிடும், அதற்கு முன் போய் வாசலில் நிற்காதே. டிக்கெட் போட்டதும் விமான எண்ணை அனுப்பு, சாங்கியிலிருந்து தெம்பனிஸ் பக்கம்தான், முருகேசன் வந்து அழைத்துக்கொள்வான்.

அன்புடன்,
பாலு