மெஷின் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

வியாசர்பாடியில் எங்கள் சந்தில் என்னோடு இருந்த எல்லோருக்கும், முதலில் மெஷின் அக்காவுக்கும்,

இந்த வருடம் நம் சந்திலிருந்து இரண்டு பெண்கள் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறார்கள். பட்டாசு வெடித்த அன்றைக்கு அவர்கள் வீட்டில் எனக்குச் சால்வை போட்டார்கள். சால்வை தோளில் விழுந்தபோது உங்கள் முகங்கள்தான் ஒவ்வொன்றாக வந்துபோயின. 2010-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எனக்கு சீட் கிடைத்தபோது உங்களில் ஒருவருக்கும் நான் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர். அப்பா மூட்டை தூக்கிவிட்டு வந்து படுத்தால் விளக்கை அணைத்துவிட வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு அவர் மறுபடி கிளம்பியாக வேண்டுமே. புத்தகம் பள்ளியில் இலவசமாகக் கிடைத்தது. அதை விரித்து வைத்து உட்கார ஓர் இடமும் ராத்திரியில் ஒரு வெளிச்சமும்தான் கிடைக்கவில்லை.

அக்கா, ஒரு நாள் உங்கள் வாசற்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். "கொசு புடுங்குது, உள்ள வா கண்ணு" என்றீர்கள். அவ்வளவுதான். பிளஸ் டூ முடியும்வரை துணி வெட்டும் பலகைக்குக் கீழேதான் என் இடம். மெஷினில் மாட்டியிருந்த சின்ன பல்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நீங்கள் அரை வெளிச்சத்தில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டுவீர்கள். என் விலங்கியல் புத்தகம் முழுக்க நீல சாக்பீஸ் தூள். ரொம்ப நாள் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. மெஷின் சத்தம் எனக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று, மிதிக்கிற வேலையையெல்லாம் பகலிலேயே முடித்துவிட்டு, கை வேலையை மட்டும் ராத்திரிக்கு ஒதுக்கி வைத்திருந்தீர்கள். பகலில் உங்களுக்கு வேறு வேலையே இல்லையா என்ன? ஒரு வார்த்தை சொன்னதில்லை நீங்கள்.

வேதியியல் டீச்சர், உங்களுக்கும் நன்றி. 2007-லிருந்து தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டிருந்தார்கள். பிளஸ் டூ மார்க்கில் உயிரியலை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் சேர்த்து 100-க்கும் மாற்றி, மொத்தம் 200-க்கு கட்-ஆஃப் போடுவார்கள் அப்போது. இந்தக் கணக்கே எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. விடைத்தாள் பின்பக்கத்தில் அதை எனக்குப் போட்டுக் காட்டியது நீங்கள்தான். விண்ணப்பம் வாங்கப் பணம் கொடுத்தீர்கள், பூர்த்தி செய்ததை வரிக்கு வரி சரிபார்த்தீர்கள். சான்றிதழ் ஒன்றுக்காக ஓர் அலுவலகத்தில் அம்மாவையும் என்னையும் மூன்று நாள் அலையவிட்டபோது, நாலாவது நாள் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்து நின்றீர்கள். அந்த மூன்று நாளும் அம்மாவுக்குப் பாத்திரம் தேய்க்கிற வீடுகளில் கூலி பிடித்தார்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அம்மா இதுவரை அதைப் பற்றி ஒரு பேச்சு எடுத்ததில்லை.

வீட்டிலிருந்து கல்லூரி ஒன்றும் தூரம் இல்லை. வியாசர்பாடி ஜீவாவில் பீச் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் வண்ணாரப்பேட்டை. ஆனால் அனாடமி வகுப்பில் முதல் மாதம் நான் வாயே திறக்கவில்லை. காறை எலும்பு தெரியும், கிளாவிக்கிள் என்றால் தெரியாது. அதுவரை படித்ததெல்லாம் தமிழ் வழியில். ராத்திரி ஹாஸ்டல் மாடிப்படியில் அழுதுகொண்டிருந்தேன். பார்த்த சீனியர் அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் தன்னுடைய எலும்பு செட்டோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். 'ஃபீமர் – தொடை எலும்பு, ஸ்கேப்புலா – தோள்பட்டை எலும்பு' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. அவரும் தமிழ் வழியில் படித்து வந்தவர்தான், அவருக்கு அதை அவருடைய சீனியர் கொடுத்திருக்கிறார். அக்கா, நீங்கள் இப்போது எந்த ஊரில் வேலை பார்த்தாலும் இது உங்கள் கண்ணில் படட்டும். அந்த நோட்டு பத்திரமாக இருக்கிறது. அட்டை இரண்டு முறை மாறிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். 2017-ல் நம் மாநிலத்துக்கும் நீட் வந்துவிட்டது. நான் நுழைந்த கதவு இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, கோச்சிங்குக்குக் கட்டப் பணமில்லாமல் திரும்பிப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதைப் போராடியும் வாதாடியும் கொண்டுவந்த அத்தனை பேருக்கும் என் கும்பிடு. என்னிடம் படித்த இந்த இரண்டு பேரும் அந்த ஒதுக்கீட்டில்தான் உள்ளே போயிருக்கிறார்கள்.

வகுப்பு நடக்கிற சமுதாயக் கூடத்தைக் காலை ஆறு மணிக்கே திறந்து, பெருக்கி, ஃபேன் போட்டு வைக்கிற வாட்ச்மேன் தாத்தாவையும் இங்கே சொல்ல வேண்டும். யாராவது ஒரு பிள்ளை இரண்டு வாரம் வரவில்லை என்றால் வீடு தேடிப் போய்க் கூட்டிவருகிறவரும் அவர்தான். நான் பாடம் எடுக்கிறேன், வகுப்பை நடத்துகிறவர் அவர். அப்படித்தான் நான் நினைக்கிறேன்.

மெஷின் அக்கா, கடைசியாக ஒன்று. என் முதல் வெள்ளை கோட்டு நீங்கள் தைத்தது. ஸ்டெதாஸ்கோப் விழுந்துவிடாமல் இருக்கப் பாக்கெட்டை இரண்டு விரல்கடை ஆழமாக வைத்தீர்கள். கூலி எவ்வளவு என்று அம்மா கேட்டதற்கு, "கூலி இன்னாத்துக்கு? கறை படாம பாத்துக்கச் சொல்லு" என்றீர்கள். இந்த இரண்டு பெண்களுக்கும் துணி எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் அளவு கொடுக்க மூன்று பேரும் வருகிறோம். பாக்கெட் அதே ஆழம் இருக்கட்டும். இந்த முறை கூலியை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும், போன கோட்டுக்கும் சேர்த்து.

அன்புடன்,
பலகைக்குக் கீழே உட்கார்ந்து படித்த உங்கள் கண்ணு