கராம்புத் தீவுப் பெடியன்

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. டச் பே கடற்கரையில் பின்னேரம் நின்றால் கண்ணில் மணல் அடிக்கிறது, ஆனாலும் சனம் குறையவில்லை.

இன்றைக்கு எழுத உட்கார வைத்தது மகள்தான். அவளுக்கு 16 வயதாகிவிட்டது. நீ விட்டுப்போன கிற்றார் இப்போது அவள் கையில். போன கிழமை, 'குயின்' என்ற ஆங்கில ராக் குழுவில் பாடிய பிரெடி மெர்க்குரியின் பாட்டொன்றைத் தட்டித் தட்டிப் பழகிக்கொண்டிருந்தவள், "அப்பா, இவர் வெள்ளைக்காரர்தானே?" என்று கேட்டாள். நாமும் அந்த நாளில் அப்படித்தானே நினைத்திருந்தோம்! கசெற் அட்டையில் படம்கூட இருக்கவில்லை. சரி, உட்கார் என்று சொல்லி நான் வாசித்ததையெல்லாம் கதையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல உன் நினைவுதான் வந்தது. ஏன் என்று நீயே பார்.

அவருடைய சொந்தப் பெயர் பரோக் புல்சாரா. 1946 செப்டெம்பர் 5ஆம் தேதி, ஆபிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் சான்சிபாரில் பிறந்தார். நம்முடைய கறிக்குப் போடும் கராம்பு விளைகிற தீவு, நம்மூரைப் போலக் கடலைப் பார்த்திருக்கிற ஊர். குஜராத்திலிருந்து போன பார்சிக் குடும்பம். தகப்பன் ஆங்கிலேய அரசாங்கத்தில் காசாளர். 8 வயதில் பிள்ளையைக் கப்பலேற்றி, மும்பைக்கு அப்பால் மலை மேலிருக்கும் பஞ்ச்கனியில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 8 வயது மச்சான்! தாயைப் பார்க்க ஒரு கடலையே தாண்ட வேண்டும். இந்த இடத்தில் மகள் கிற்றார் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

அங்கேதான் பியானோ. இவன் கையில் ஏதோ இருக்கிறது என்று அதிபர் கண்டுபிடித்து ஒழுங்காகப் படிக்க வைத்தார். 12 வயதில் பள்ளிக்கூடப் பெடியன்கள் 5 பேர் சேர்ந்து 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். கிளிஃப் ரிச்சர்ட், லிட்டில் ரிச்சர்ட் பாட்டுகள். பிரெடி பியானோ. பிரெடி என்ற பெயரும் பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் கூப்பிட்டு ஒட்டிக்கொண்டதுதான்.

பிறகு சான்சிபாருக்குத் திரும்பினார். 1964 ஜனவரியில் அங்கே புரட்சி வெடித்தது. ஆயிரக்கணக்கில் அரபுக்காரரும் இந்தியரும் செத்தார்கள். குடும்பம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு ஓடியது. அப்போது அவருக்கு 17 வயது. நீ இந்த ஊரை விட்டுப் போனபோது உனக்கு எத்தனை வயது? உன் அம்மா பையில் சீனியும் மாற்றுடுப்பும் வைத்துவிட்டு வாசலிலேயே நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவர்கள் போய் இறங்கியது லண்டன் ஓரத்துப் பெல்தத்தில். உன் ஹவுன்ஸ்லோவுக்குப் பக்கம்! விடுமுறைக் காலத்தில் ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கியிருக்கிறார். நீயும் அதே இடத்தில் இரவு வேலையில் பெட்டி ஏற்றி, நாரி நோகுது என்று எழுதினாயே, அந்தக் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

ஈலிங் கலைக் கல்லூரியில் ஓவியமும் வடிவமைப்பும் படித்து 1969இல் முடித்தார். கென்சிங்டன் சந்தையில் ரோஜர் டெய்லரோடு சேர்ந்து பழைய உடுப்பு விற்றார். ஐபெக்ஸ், ரெக்கேஜ், சவர் மில்க் சீ என்று குழு மாறிக் குழு பாடினார், ஒன்றும் நிலைக்கவில்லை. 1970இல்தான் பிரையன் மேயோடும் டெய்லரோடும் சேர்ந்து 'குயின்'. அடுத்த வருஷம் ஜான் டீக்கன் வந்தார். படித்த ஓவியம் வீண்போகவில்லை: 4 பேருடைய ராசியையும் வைத்து 2 சிங்கம், 1 நண்டு, 2 தேவதை என்று குழுவின் சின்னத்தைத் தானே வரைந்தார். தேவதைகள் அவருடைய கன்னி ராசிக்கு.

மேல்வாயில் கூடுதலாக 4 பற்கள் இருந்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். பிடுங்கினால் குரல் மாறிவிடுமோ என்று பயந்து கடைசிவரை கை வைக்க விடவில்லை. சிரிக்கும்போது மேலுதட்டை இழுத்துப் பல்லை மறைப்பார். பழைய பேட்டிகளில் பார், கை தானாக வாய்க்குப் போகும். ஆனால் பாட வாயைத் திறந்தால் அந்த வெட்கமெல்லாம் எங்கே போகிறதோ!

முதல் இசைத்தட்டு வந்தது 1973இல், 26 வயதில். பள்ளிக்கூட மேடையிலிருந்து கணக்குப் பார்த்தால் 14 வருஷம். லண்டன்தான் அவரை ஆக்கியது என்று எழுதுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. விடுதியில் தனியாக இருந்த பிள்ளைக்குப் பேச்சுத்துணையாக இருந்தது அந்தப் பியானோ. அதற்குப் பிறகு ஊர் போனது, நாடு மாறியது, அது மட்டும் கூடவே வந்தது. நீ கிற்றாரை இங்கே விட்டுப் போனதுதான் எனக்கு இவ்வளவு காலமும் உறுத்தல்.

ஒரு உதவி செய். பெல்தத்தில் கிளாட்ஸ்டன் அவெனியூ 22ஆம் இலக்க வீட்டில்தான் அவர்கள் இருந்தார்கள். 2016இல் அங்கே, பெயர்பெற்றவர்கள் இருந்த வீடுகளுக்குப் பதிக்கிற நீல வட்டப் பலகை பதித்திருக்கிறார்கள். ஒரு நாள் வேலை முடிந்து போய்ப் பார்த்து, தெரு எப்படி, வாசல் எப்படி என்று மகளுக்கு நாலு வரி எழுது. உன் எழுத்தில் வந்தால் அவள் பத்திரமாக வைத்திருப்பாள்.

அடுத்த வருஷம் கோணேசர் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாயே, அதை மாற்றாதே. வரும்போது ஒரு செற் கிற்றார்க் கம்பி கொண்டுவா. நீ மீன் பிடிக்கிற தங்கூசி நூலைக் கட்டி வாசித்த மூன்றாவது கம்பிக்கு இன்றைக்கும் தங்கூசிதான்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி