லோரியோடு கணக்கையும் கேட்டு வாங்குங்கள்: இந்திய மளிகை இறக்குமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர், கிள்ளான், பினாங்கு வட்டாரங்களின் இந்திய வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை, பினாங்கு லிட்டில் இந்தியா ஆகிய இடங்களின் கடைகளுக்குப் பருப்பும் மிளகாயும் வெங்காயமும் தருவித்துக் கொடுக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில், எந்தச் சரக்கை எப்போது எவ்வளவு வரவழைப்பது என்று கணக்குப் போடும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நம்மில் பலர் சொந்த லோரியையும் சொந்தக் கிடங்கையும் விட்டுவிட்டு, போக்குவரத்து, சேமிப்பு, சுங்க அனுமதி எல்லாவற்றையும் வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டோம். அது சரியான முடிவுதான். ஆனால் அவர்களிடமிருந்து லோரியையும் இடத்தையும் மட்டுமே வாங்குகிறோம். நம் சரக்கைப் பற்றி அவர்கள் கையில் சேர்ந்து கிடக்கும் கணக்கை வாங்குவதில்லை. அந்தக் கணக்கு இல்லாமல் நாம் போடும் கொள்முதல் திட்டம் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான் என்பதைச் சொல்லவே இம்மடல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிக்கு, முறுக்குக்கு உளுந்து கேட்டுக் கடைக்காரர்கள் ஓயாமல் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் கொண்டெய்னர் துறைமுகத்தில்தான் இருந்தது. கப்பல் சொன்ன தேதியில் வந்துவிட்டது. கிடங்குக்கு மட்டும் வந்து சேரவில்லை. சண்டை போடுவதற்காகவே எங்கள் கிடங்கு நடத்துநரின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா பதில் பேசாமல் ஒரு நீண்ட தாளை அச்சிட்டு என் முன் வைத்தார். இரண்டு ஆண்டுகளில் எங்களுக்கு வந்த ஒவ்வொரு கொண்டெய்னரும் கப்பலிலிருந்து இறங்கிய நாள், சுங்கம் விடுவித்த நாள், துறைமுக வாசலைத் தாண்டிய நாள், காலிப் பெட்டி திரும்பிய நாள் என்று வரிசையாக இருந்தது. இறங்கியதிலிருந்து கிடங்குக்கு வர ஆன நாட்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன்: நான்கு, ஐந்து, பதினொன்று, ஆறு, ஒன்பது. என் திட்டத்தில் எல்லாவற்றுக்கும் மூன்று நாள் என்று எழுதி வைத்திருந்தேன். "இதை ஏன் முன்னாடியே தரல?" என்றேன். "நீங்க கேட்கவே இல்லையே, அண்ணே" என்றார். சண்டை அங்கேயே முடிந்தது.

அந்தத் தாளின் மதிப்பை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். நாளொன்றுக்கு 40 மூட்டை விற்கும் ஒரு சரக்கு, ஆர்டர் கொடுத்ததிலிருந்து கைக்கு வரச் சராசரியாக 25 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 25 நாளைக் கடக்க 1,000 மூட்டை வேண்டும். சரக்கு சில வேளைகளில் 33 நாள் எடுத்துக்கொள்கிறது என்றால், கடை வெறுமையாகாமல் இருக்க மேலும் 320 மூட்டையைக் கையிருப்பில் வைத்தே ஆக வேண்டும். நம் பணத்தை முடக்குவது சராசரி அன்று, அந்த எட்டு நாள் ஏற்ற இறக்கம்தான். எந்தக் கட்டத்தில் நாட்கள் கரைகின்றன, ஆவணம் தாமதமாக வந்ததாலா, சோதனைக்கு நிறுத்தியதாலா, லோரி கிடைக்காததாலா என்று நடத்துநரின் பதிவு காட்டிக் கொடுக்கும். அதைக் கொண்டு 33 நாளை 29 ஆகக் குறைத்தால் 160 மூட்டைக்குரிய பணம் கைக்குத் திரும்பும். வாடகையில் பத்து ரிங்கிட் குறைக்கச் சொல்லி நாம் நடத்தும் பேரத்தில் இந்தப் பணம் ஒருநாளும் கிடைக்காது.

அடுத்தது பண்டிகைக் கணக்கு. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. சென்ற ஆண்டு அக்டோபர் விற்பனையைப் பார்த்து இந்த ஆண்டு அக்டோபருக்கு ஆர்டர் கொடுப்பவர் எந்த அளவுக்கு ஏமாறுவார் என்பதை இந்தத் தேதிகளே சொல்லும். (நானும் ஏமாந்திருக்கிறேன்.) கிடங்கு நடத்துநரிடம் எந்த நாளில் எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை வெளியேறியது என்ற பதிவு இருக்கிறது. அதைத் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணி, பத்தாம் நாள், இருபதாம் நாள், நாற்பதாம் நாள் என்று அடுக்கினால், நெய் எப்போது நகரத் தொடங்குகிறது, கடலை மாவு எப்போது உச்சம் தொடுகிறது என்பது ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே வடிவில் தெரிகிறது. பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் கிடங்கில், பருவத்துக்கு மட்டும் கூடுதல் இடம் எடுத்துக்கொண்டு பிறகு விட்டுவிடலாம் என்பது இதனோடு சேர்ந்து கிடைக்கும் வசதி. ஆனால் எவ்வளவு இடம், எந்த வாரத்திலிருந்து என்று முன்கூட்டியே சொன்னவருக்குத்தான் அது கிடைக்கும்.

ஆகவே நாமும் நம் கணக்கைக் கொடுக்க வேண்டும். வியாபார ரகசியம் வெளியே போய்விடும் என்று பயந்து, கொண்டெய்னர் வருவதை முதல் நாள் மாலையில் சொல்கிறோம். பிறகு லோரி இல்லை என்று கோபப்படுகிறோம். கப்பல் நிறுவனம் தரும் இலவச நாட்கள் கடந்தால் துறைமுகத்தில் டெமரேஜ், வெளியே எடுத்த பெட்டியைத் திருப்பத் தாமதமானால் டிடென்ஷன் என்று ஓடும் கட்டணத்தில் ஒரு பங்கு, நாம் சொல்லாமல் விட்டதற்கான தண்டம்தான். நோன்புப் பெருநாளையும் சீனப் புத்தாண்டையும் ஒட்டிச் சில நாட்கள் கனரக லோரிகளுக்குச் சாலையில் தடை இருப்பதும், அதற்கு முந்தைய வாரம் எல்லோரும் ஒரே லோரிக்கு நிற்பதும் நாம் அறியாதவை அல்ல.

எதிர்பாராத இடிகளையும் நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 8 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதம் டன்னுக்கு 550 அமெரிக்க டாலர் குறைந்தபட்ச விலையோடுதான் கதவைத் திறந்தது. போக்குவரத்தும் கிடங்கும் நடத்தும் எந்த நிறுவனமும் அதைத் தடுத்திருக்க முடியாது. ஆயினும் வேறு நாடுகளிலும் முகவர்களை வைத்திருக்கும் நிறுவனம், மாற்று மூலத்திலிருந்து எத்தனை நாளில் எந்தச் சான்றிதழோடு எடுக்கலாம் என்பதை அன்றே சொல்லிவிடும். தனியொரு வியாபாரி அதைத் தேடிக் கண்டுபிடிக்க வாரங்கள் ஆகும். செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது, சென்னை மிளகாயும் யாங்கூன் உளுந்தும் அந்த வழியில் போவதில்லையே என்று நான் அலட்சியமாக இருந்தேன். 2024 நடுவில் சிங்கப்பூரிலும் கிள்ளானிலும் துறைமுக நெரிசல் ஏற்பட்டபோது, கப்பல்களின் கால அட்டவணை குலைந்ததன் வலி நமக்கும் வந்து சேர்ந்தது. அந்த நெரிசலை முதலில் பார்ப்பவர்கள் துறைமுக வாசலில் தினமும் நிற்கும் நம் நடத்துநர்கள்தாம்.

பினாங்கு உறுப்பினர்களுக்கு இது புதிதாக இராது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் அமைந்ததிலிருந்து வளர்ந்த மின்னணுத் துறையில், உதிரிப் பாகங்களை ஆலைக்கு அருகே ஒரு மூன்றாம் தரப்புக் கிடங்கில் வைத்து, உற்பத்தி வரிசைக்குத் தேவையானபோது தேவையான அளவு மட்டும் அனுப்பும் முறை நெடுங்காலப் பழக்கம். அங்கே கிடங்கின் இருப்பு எண்ணும் ஆலையின் தேவை எண்ணும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். மளிகைக்கு அத்தனை நுணுக்கம் வேண்டாம். வாரம் ஒரு முறை பார்த்துக்கொண்டாலே போதும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நம் நடத்துநர் நம் போட்டியாளருக்கும் கிடங்கு நடத்துபவராக இருக்கலாம். எனவே, நம் சரக்கின் தரவு நமக்கே உரியது, மற்றவருக்குக் காட்டப்படாது, ஒப்பந்தம் முடிந்தால் முழுமையாகத் திருப்பித் தரப்படும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு வாங்குவது என்ற முடிவையும் அவர்களிடம் விட்டுவிடக் கூடாது. கடைக்காரரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது அவர்களின் பதிவில் இராது.

சங்கங்களிடம் நான் கேட்பது இரண்டு. சிறு வியாபாரி தனியாகக் கேட்டால் கிடைக்காத விதிமுறைகள் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். ஆகையால் தரவு உரிமை, வாராந்தர அறிக்கை, இருப்புக் கணக்கின் துல்லியம், குறித்த நேரத்தில் முழு அளவில் ஒப்படைத்த விகிதம் ஆகியவற்றை உள்ளடக்கிய ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வரைந்து உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். அடுத்து, தீபாவளிக்கு நான்கு மாதம் முன்பாக இறக்குமதியாளர்களையும் சுங்க முகவர்களையும் கிடங்கு, லோரி நடத்துநர்களையும் ஒரே மேசையில் அமர்த்தி, யாருக்கு எந்த வாரம் எத்தனை கொண்டெய்னர் என்று பேச வையுங்கள். முதல் கூட்டத்துக்கு எங்கள் கிடங்கின் அந்தத் தாளை, முதலாளியின் அனுமதியோடு, நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கிள்ளானில் சரக்கு இருப்பைத் திட்டமிடும் ஊழியன்