‘ஃபார்மட் செய்யுங்கள்’ என்பது ஒரு பதிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அப்டேட்டுக்குப் பிறகு கணினித் திரை கறுத்துப் போனதாக எழுதிய வாசகருக்குச் சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது: “ஃபார்மட் செய்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி நிறுவுங்கள், வேறு வழியில்லை.” ஃபார்மட் என்றால் வட்டிலுள்ள கோப்புகளெல்லாம் போய்விடும். அந்த ‘வேறு வழியில்லை’ என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதையே சொன்னார்கள். அப்டேட் முடிந்தபின் கறுப்புத் திரையும் நடுவில் மவுஸ் அம்பும் மட்டுமே தெரிந்தன. பழுது பார்க்க வந்தவரின் பேச்சைக் கேட்டு ஃபார்மட் செய்யச் சம்மதித்தேன். என் தாயாரின் கடிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தேன். மூலக் கடிதங்கள் எப்போதோ செல்லரித்துவிட்டன. வேறு நகல் எடுத்து வைக்காதது என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் நான்காம் நாளே அந்த அப்டேட் தானாக மறுபடி இறங்கியது. அதே கறுப்புத் திரை. இம்முறை உறவுக்காரப் பையன் ஒருவன் சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலையில், கணினியைத் திறந்து, திரையை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றினான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மாவின் கடிதங்களை எதற்காக இழந்தேன், ஐயா?

2024 ஜூலை 19 தங்களுக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது, விமானங்கள் ரத்தாயின. மீளச் சொல்லப்பட்ட வழி, சேஃப் மோடில் நுழைந்து ஒரு கோப்பை நீக்குவது. விமான நிறுவனங்களுக்கு இருந்த வழி தங்கள் வாசகருக்கு மட்டும் இல்லையா?

இதே பகுதியில் முன்பொருமுறை, தொல்லை வேண்டாமென்றால் அப்டேட்டையே நிறுத்திவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீங்கு நிரல் பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். இன்னொரு வாசகரிடம், வட்டைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது, அவருக்கும் தங்கள் பதில் ஃபார்மட்தான். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்க்கக்கூடச் சொல்லவில்லை. இத்தனைக்கும் மேல் ‘பயனரின் அலட்சியம்’ என்று ஒரு சொல்! 2018 அக்டோபரில் விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய கோப்புகளை அழித்ததால் மைக்ரோசாஃப்டே அதை நிறுத்திவைத்தது. அது யாருடைய அலட்சியம்?

விண்டோஸ் 11இல் பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு பழையதற்குத் திரும்பப் பொதுவாக 10 நாள்தான் அவகாசம். தங்களுடையதோ மாத இதழ். பதில் அச்சாகி வருவதற்குள் அந்தக் கதவு மூடிவிடுகிறது. ஆகவே அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மாதந்தோறும் நான்கு வரி போடுங்கள்: சேஃப் மோடில் திறந்து பார்க்கவும், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கிப் பார்க்கவும், டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றவும், எதுவும் பலிக்காவிட்டால், கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுத்த பிறகே ஃபார்மட்.

சென்ற இதழில் கேள்வி கேட்டவரின் முகவரி தங்களிடம் இருக்கும். அவர் இன்னும் ஃபார்மட் செய்யவில்லையென்றால், அடுத்த இதழ் வரை காத்திராமல் இன்றே அவருக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்