தாள் எங்கே என்று முதலில் கேளுங்கள்
ரயில்வே பழம்பொருள் வாங்கும் நெல்லைச் சீமை அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களே, தம்பி தங்கைமார்களே,

'எஸ்.ஐ.ஆர். பித்தளை விளக்கு, நூறு வருசப் பழசு, ஒன்றே ஒன்றுதான் இருக்கு' என்ற விளம்பரத்தைக் (எஸ்.ஐ.ஆர். என்பது பழைய தென்னிந்திய ரயில்வே) கைபேசியில் பார்த்ததும் ராத்திரியோடு ராத்திரியாக முன்பணம் அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். உங்கள் ஆசையின் வேர் எங்களுக்குத் தெரியும். 1876-ல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. 1902 முதல் 1904 வரை கல்லிடைக்குறிச்சி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் வரை பாதை போனது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட அந்த மீட்டர் கேஜ் பாதை முழுதும் நம் கண்ணெதிரேதான் அகலப்பாதையாக மாறியது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் 2010-ல் நின்ற ரயில் 2018-ல்தான் புதிய பாதையில் திரும்பி வந்தது. கையில் பிடித்துப் பார்க்க எஞ்சியவை விளக்கும் சாவியும் அட்டை டிக்கெட்டும்தான். அவற்றுக்கு விலை ஏறியதும் போலியும் பெருகிவிட்டது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. போலியை வாங்கினால் பணம் மட்டும்தான் போகும். அசலை, அது எப்படி வந்தது என்று காட்டும் தாள் இல்லாமல் வாங்கினால் வழக்கே வரலாம். 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டத்தின் 3ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். திருடப்பட்டது அல்லது முறைகேடாகப் பெறப்பட்டது என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருள் உங்களிடம் இருந்தால், அது முறையாகத்தான் வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். நிரூபிக்க முடியாவிட்டால் முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. விசாரிப்பது ரயில்வே பாதுகாப்புப் படை. 'இணையத்தில் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்' என்று சொன்னால் மட்டும் அது நிரூபணம் ஆகிவிடாது.

ஆகவே விலை பேசுவதற்கு முன் தாளைக் கேளுங்கள். ரயில்வே கழித்துப்போட்ட பொருட்கள் இப்போது ரயில்வேயின் ஐ.ஆர்.இ.பி.எஸ். இணையத்தளத்தில் மின்னேலத்தில் விற்கப்படுகின்றன. அப்படி எடுத்தவரிடம் லாட் எண்ணோடு (ஏலத்தில் அந்தச் சரக்குத் தொகுதிக்குத் தந்த எண்) விற்பனை ஆணை இருக்கும், சரக்கை எடுத்துப்போக அனுமதித்த தாளும் இருக்கும். அவரிடமிருந்து வாங்கிய பழைய இரும்பு வியாபாரி தன் ஜி.எஸ்.டி. ரசீதில் அந்த லாட் எண்ணைக் குறித்துத் தர முடியும். ஓய்வுபெற்ற ஊழியரின் வீட்டிலிருந்து வந்த பொருளுக்கு, எப்படிக் கிடைத்தது என்று குடும்பத்தார் கையெழுத்திட்டுத் தரும் கடிதமும் அவருடைய ஓய்வு ஆணையின் நகலும் வேண்டும். 'தாளெல்லாம் யார் சார் வைச்சிருக்கா' என்ற பதில் வந்தால், பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இந்த விதிக்கு டோக்கன் பந்துதான் நல்ல உதாரணம். ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் வரை போக டிரைவர் கையில் அதற்கான அனுமதி அடையாளமான டோக்கன் இருக்க வேண்டும். ஸ்டேஷனில் டோக்கனைத் தரும் நீல்ஸ் கருவியில் அது ஓர் உலோகப் பந்து. இரண்டு ஸ்டேஷன்களின் பெயரும் ஓர் எண்ணும் அதில் பொறித்திருக்கும். ஒரு பந்து வெளியே இருக்கும் வரை இரு முனைக் கருவிகளும் இன்னொன்றைத் தராது. அதனால்தான் ஒரே பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில் வராது. ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு. அப்படிப்பட்ட பொருள் சந்தைக்கு வந்தால், ரயில்வேயே கழித்து விற்றிருக்க வேண்டும், அல்லது போலியாக இருக்க வேண்டும், அல்லது களவு போனதாக இருக்க வேண்டும். மூன்றில் முதலாவதற்கு மட்டும்தான் தாள் இருக்கும். கருவிக்குள் பல வருடம் உருண்ட பந்தின் விளிம்புகள் மழுங்கியிருக்கும், எழுத்துகள் கையால் அடித்ததுபோல் சற்று ஏறி இறங்கி நிற்கும். எல்லா எழுத்தும் ஒரே ஆழத்தில், ஒரே சீராக, உள்ளே பளபளப்பாக இருந்தால் அது இன்றைய இயந்திர வேலை.

இனி போலிக்கு வருவோம். உலோகத்தைப் பார்ப்பதற்கு முன் ஆண்டைப் பாருங்கள், அதற்குச் செலவே கிடையாது. தென்னிந்திய ரயில்வே, அதாவது எஸ்.ஐ.ஆர்., உருவானது 1874-ல். 'எஸ்.ஐ.ஆர். 1865' என்று பொறித்த தகடு வந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. 1944 ஏப்ரல் 1 அன்று அந்த ரயில்வே அரசின் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று மற்ற ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயிற்று. இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. இங்கிலாந்திலும் 1923 முதல் 1947 முடிய 'சதர்ன் ரயில்வே' என்ற பெயரில் ஒரு கம்பெனி ஓடியது. அதன் எஸ்.ஆர். முத்திரை போட்ட பித்தான், விளக்கு, கரண்டியெல்லாம் அசல்தான், ஆனால் நம் ஊருடையவை அல்ல. 'எஸ்.ஆர். 1935' என்று ஒரு பொருள் வந்தால் அது ஒன்று இங்கிலாந்துச் சரக்கு, இல்லையேல் பொய்.

ஊர்ப் பெயரும் சாட்சி சொல்லும். கம்பெனி காலத்து ஆங்கில எழுத்தில் நம் ஊர் 'டின்னவெல்லி', தூத்துக்குடி 'டியூட்டிகொரின்', செங்கோட்டை 'ஷென்கோட்டா', திருச்சி 'ட்ரிச்சினாபொலி'. இன்றைய எழுத்துக்கூட்டலோடு எஸ்.ஐ.ஆர். தகடு இருக்க வழியில்லை. மணியாச்சிக்கு முன்னால் 'வாஞ்சி' சேர்ந்தது விடுதலைக்குப் பல காலம் கழித்துத்தான். கலெக்டர் ஆஷ் அங்கே சுடப்பட்ட 17-6-1911 என்ற தேதியிட்ட மணியாச்சி டிக்கெட் ஒன்று உங்கள் முன்னால் வந்தால், மற்ற எதையும்விட இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். எல்லோருக்கும் தெரிந்த தேதியைத்தான் போலி செய்கிறவன் தேர்ந்தெடுப்பான்.

தமிழ் எழுத்தே ஒரு நல்ல அளவுகோல். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-ல். அதற்கு முந்தைய பலகையில் 'பாளையங்கோட்டை' என்று எழுதினால் அந்த 'ளை' தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில்தான் இருக்கும். 1930-களின் பலகை என்று சொல்லி இன்றைய 'ளை' போட்டிருந்தால் விற்பவர் வரலாறு படிக்கவில்லை என்று பொருள். ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வேலை செய்யும். பழைய எழுத்தை இன்றும் யாரும் வரையலாம் என்பதால், அது மட்டுமே அசலுக்குச் சான்றாகாது.

பித்தளைக்கு வருவோம். அசல் பூட்டையோ தகட்டையோ அச்சாக வைத்து மணலில் வார்த்து நகல் எடுப்பதுதான் வழக்கமான வேலை. உருகிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு சுருங்கும். 100 மி.மீ. நீளமுள்ள அசலின் நகல் 98.5 மி.மீ.தான் வரும். இதை அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். அளவு தெரிந்த அசலோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் மாட்டிக்கொள்ளும். அடுத்தது எழுத்து. உளி அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்த எழுத்தின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி லேசாக மேடு கட்டியிருக்கும், பள்ளத்தின் அடி கூர்மையாக இருக்கும். வார்ப்பில் வந்த எழுத்து வழுவழுவென்று உருண்டிருக்கும், பள்ளத்துக்குள் மணல் பொரிபொரியாகத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். சந்தேகம் தீராவிட்டால் பித்தளை வார்க்கிறவர் யாரிடமாவது காட்டுங்கள், அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பூட்டில் சாவித்துளையைச் சுற்றித் தேய்ந்திருக்க வேண்டும், வளையத்தின் உள்பக்கம் தேய்ந்திருக்க வேண்டும். கை படாத மூலையும் கை படும் இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால், அது ரசாயனத்தில் முக்கி எடுத்த கறுப்பு.

ரயிலின் கடைசிப் பெட்டியில் வரும் கார்டின் கைவிளக்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பளபளக்கும் முழுப் பித்தளையில் பெரிதாக 'ரயில்வே' என்று தகடு ஒட்டியது பெரும்பாலும் அலங்காரச் சரக்கு. வேலை செய்த விளக்கு பெரும்பாலும் தகரத்தில் செய்து கறுப்புப் பூசியது. மேல் மூடியைத் திருகினால் உள்ளே இருக்கும் சிவப்பும் பச்சையும் கண்ணாடிக்கு நேரே வந்து நிற்க வேண்டும். எண்ணெய்க் குடுவை தனியாகக் கழன்று வர வேண்டும், புகை போகும் வழியில் கரி இருக்க வேண்டும், பின்னால் மாட்டும் கொக்கியில் தேய்மானம் இருக்க வேண்டும். பச்சைக் கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பழைய கண்ணாடி பச்சையாகத் தெரியாது, நீலம் கலந்து தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் என்பதால், அந்த மஞ்சள் நீலத்தின் வழியே வரும்போதுதான் தூரத்தில் பச்சையாகும். பகலிலேயே கிளிப்பச்சையாக இருக்கும் கண்ணாடியையோ பிளாஸ்டிக்கையோ போட்டவர் இதை அறியாதவர்.

எனாமல் பலகை என்பது இரும்புத் தகட்டின் மேல் உருக்கிய கண்ணாடிப் பூச்சு. காந்தம் ஒட்டும், நகத்தால் கீற முடியாது. உடைந்த சில்லின் ஓரத்தில் வெள்ளைக்கு அடியில் கருநீல அடிப்பூச்சு தெரியும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, பின்பக்க மூலையில் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது வெறும் பெயின்ட். திருகாணித் துளையின் உதட்டில் எனாமல் வழிந்து மூடியிருக்க வேண்டும், துளையிட்ட பிறகுதான் சூளைக்குப் போகும் என்பதால்.

அட்டை டிக்கெட்டின் அளவு சுமார் 57 மி.மீ.க்கு 30 மி.மீ. ஈய எழுத்தில் அச்சடித்ததால் விரலால் தடவினால் எழுத்து அமுங்கியிருப்பது தெரியும். லென்ஸில் சின்னச் சின்ன நிறப்புள்ளிகள் தெரிந்தால் அது வீட்டுப் பிரின்டர். முப்பதுகளின் டிக்கெட் என்றால் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அட்டையில் வெளுப்புச் சாயம் இருக்கிறது, அந்தச் சாயம் பிற்காலத்தது. கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. மூன்றாம் வகுப்பு 1974-ல் ஒழிந்தது. அணாவும் கிலோமீட்டரும் ஒரே அட்டையில் சேர்ந்து வராது. ஒரு நிதானம் மட்டும் வேண்டும்: அச்சடித்த அட்டை தீரும்வரை பழையதே ஓடும். சில மாதம் பிந்தியதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

தண்டவாளத் துண்டைப் பேப்பர் வெயிட்டாக விற்கிறார்கள். இதற்குத் தராசே போதும். மீட்டர் கேஜில் ஓடிய '60 ஆர்' தண்டவாளம் கெஜத்துக்கு 60 பவுண்டு, ஆகவே ஓர் அங்குலத் துண்டு 756 கிராம் இருக்க வேண்டும். தலை தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். ஒரு கிலோவைத் தாண்டினால் அது பெரும்பாலும் அகலப்பாதைத் துண்டு. இதில் போலி குறைவு, களவுதான் அதிகம், மறுபடியும் தாளைக் கேளுங்கள். பாக்கெட் கடிகாரத்தில் முகப்பைப் புதிதாக அச்சடித்து மாட்டுவது சாதாரணம் என்பதால், பின்மூடியைத் திறந்து காட்டாதவரிடம் வாங்க வேண்டாம்.

படம் கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: நான்கு பக்கமும் அடியும், உட்புறம், முத்திரையின் அருகில் ஸ்கேல் வைத்து ஒன்று, தராசின் மேல் வைத்து ஒன்று, அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒன்று. கடைசிப் படம் வராவிட்டால் பொருள் அவர் கையிலேயே இல்லை. வந்த படங்களைப் படத் தேடலில் போட்டுப் பாருங்கள், வெளிநாட்டு ஏலத்தில் எப்போதோ விற்ற பொருளின் படமாக இருக்கலாம். முழுப்பணத்தை முன்னால் அனுப்பாதீர்கள். 'பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து உங்கள் யு.பி.ஐ. பின் நம்பரைப் போடுங்கள்' என்றால் அது திருட்டு, பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பார்சலைப் பிரிக்கும்போது முத்திரை உடைவது முதல் வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் இருப்பவர்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. செங்கோட்டைப் பாதை போட்ட காலத்துப் பொருட்கள் அந்த நூறை எப்போதோ தாண்டிவிட்டன. மற்றப் பொருளாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டும்.

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவின் விளக்கைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். அந்தக் கறுப்பும் கரியும்தான் அதன் வயதைச் சொல்கின்றன, போனால் திரும்பாது. மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: அவர் பெயர், என்ன வேலை, எந்த எந்த ஸ்டேஷன், எந்த ஆண்டு, இந்தப் பொருள் எப்படி வீட்டுக்கு வந்தது. அவர் கையெழுத்தை வாங்கி, அவர் அந்தப் பொருளைக் கையில் பிடித்திருக்கும் ஒரு படத்தையும் சேர்த்து வையுங்கள். விற்கவே போவதில்லை என்றாலும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமை ரயில்வே பழம்பொருள் சேகரிப்போர் சிலர்