கோபுரத்தை அணைக்கும் முன்

ஒளிபரப்பு அலைவரிசைகளின் தலைவிதியை முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எல்லாரும்தான் இணையத்துக்குப் போய்விட்டார்களே, இனி டிவி கோபுரங்கள் எதற்கு என்ற பேச்சு உங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. நியாயம் இல்லாத பேச்சு இல்லை. அமெரிக்காவில் 2025 மே மாதம், ஒளிபரப்புச் சேனல்களும் கேபிள் சேனல்களும் சேர்ந்து பிடித்த பார்வை நேரத்தை இணையவழி ஸ்ட்ரீமிங் முதன்முறையாகத் தாண்டியது என்கிறது, டிவி பார்வையை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கு. நானே தொடர்களை ஓடிடியில்தான் பார்க்கிறேன். எட்டரை மணிக்கு வந்து உட்கார் என்று யாரும் இனி எனக்கு உத்தரவு போட முடியாது.

ஆனால் கோபுரம் செய்கிற ஒரு வேலையை இணையம் இன்னும் செய்யவில்லை. கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையைப் பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அதற்குக் கூடுதல் சுமை கிடையாது. ஸ்ட்ரீமிங்கில் வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, கேட்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். கூட்டம் கூடினால் திணறும். 2024 நவம்பரில் டைசன், ஜேக் பால் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் காட்டியபோது, பலருடைய திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. குத்துச்சண்டைதானே, போகட்டும். புயல் எச்சரிக்கை அப்படிச் சுற்றினால்?

மின்சாரம் போனால் டிவியும்தான் அணையும் என்பீர்கள். சரி. ஆனால் ஜெனரேட்டரோடு ஒரு கோபுரம் நின்றால், பேட்டரியில் ஓடும் சின்ன டிவிக்குக்கூடச் செய்தி போய்ச் சேரும். இணையத்துக்கோ வீட்டு மோடம், தெருவில் போகிற கேபிள், அதற்கப்பால் சர்வர் என எல்லாமே உயிரோடு இருக்க வேண்டும்.

அப்புறம், அந்த லாகின். எழுபது வயதைத் தாண்டியவர் கையில் ரிமோட்டைக் கொடுத்து, திரையில் தெரியும் விசைப்பலகையில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாக அடிக்கச் சொல்லிப் பாருங்கள். கடைசி எழுத்துக்கு வரும்போது ஓடிபி காலாவதியாகியிருக்கும். ஆன்டெனா யாரிடமும் பாஸ்வேர்டு கேட்டதில்லை. டேட்டா தீர்ந்துவிட்டது என்றும் சொன்னதில்லை.

2019 ஜூனில் சுவிட்சர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனம் தரைவழி ஒளிபரப்பை, அதாவது கோபுரம் வழியாக வரும் டிவியை, நிறுத்தியது. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அங்கே ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் வேறு வழி ஏற்கெனவே வந்திருந்தது. உங்களைத் துரத்துவது வேறு அவசரம் என்று நினைக்கிறேன். டிவி கோபுரங்கள் பயன்படுத்தும், 700 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைகள் தூரம் போகும், சுவரைத் துளைக்கும். கைபேசி நிறுவனங்கள் கண் வைப்பது அதனால்தான். ஒருமுறை ஏலம் போய்விட்டால் திரும்பி வாங்குவது நடக்கிற காரியமா?

எனவே ஆன்டெனாவை மட்டும் நம்பியிருக்கும் வீடுகள் எத்தனை, அவற்றுக்கு இணையச் செலவை யார் ஏற்பார்கள், லாகின் இல்லாமலும் கட்டணம் இல்லாமலும் எந்தெந்த சேனல்கள் கிடைக்கும் என்ற கணக்கை முதலில் வெளியிடுங்கள். நிறுத்தும் தேதியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
இரண்டிலும் பார்க்கும் ஒரு பார்வையாளர்